சாயும் பலகை, உருளும் குண்டு

நுழையும்முன்

விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. கண்ணையும் கையையும் மனத்தையும் ஒருங்கே பழக்கும் பயிற்சியும் ஆகும். மேசைமேல் வைத்து ஆடும் ஒரு சிறிய மரப்பெட்டி, பொறுமையையும் கூட்டுறவையும் கற்பிக்கிறது. விதி என்பதன் பொருளையும் உணர்த்துகிறது. அவ்விளையாட்டை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

ஆட்டத்தின் அமைப்பு

மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சுவீடன் நாட்டுப் பிரியோ நிறுவனம், 1946ஆம் ஆண்டு ‘லேபிரிந்த்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. சிக்கலான சுற்றுவழி என்பது அச்சொல்லின் பொருள்.

பெட்டியின் மேற்புறத்தில் சாயக்கூடிய பலகை ஒன்று உள்ளது. அதில் செல்லவேண்டிய வழி கோடாக வரையப்பட்டிருக்கும். வழியை ஒட்டிச் சிறு தடுப்புகளும் 60 துளைகளும் அமைந்திருக்கும். கோலிக்குண்டு போன்ற சிறிய எஃகு உருண்டையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை துளைகளில் விழாமல் கொண்டுசேர்க்க வேண்டும். உருண்டையைக் கையால் தொடுதல் கூடாது. பெட்டியின் பக்கங்களில் இரண்டு திருகுகள் உள்ளன. ஒன்று பலகையை இடவலமாகவும் மற்றொன்று முன்பின்னாகவும் சாய்க்கும்.

கையும் கருத்தும்

பலகை சாய்ந்தால் புவியீர்ப்பு விசையால் உருண்டை பள்ளத்தை நோக்கி உருளும். பலகையைச் சமன்செய்த உடனே அது நின்றுவிடுவதில்லை. நிலைமத்தின் காரணமாகத் தொடர்ந்து ஓடும். அதனை நிறுத்த எதிர்ப்பக்கம் சிறிதே சாய்க்க வேண்டும். சாய்வு மிகுந்தால் உருண்டை பின்னோக்கி ஓடி வேறொரு துளையில் விழும். ஆகவே, உருண்டை இருக்கும் இடத்தை மட்டும் பார்ப்பவர் தோற்பர். அது செல்லவிருக்கும் இடத்தையும் பார்ப்பவரே முன்னேறுவர்.

இருவர் ஆடும்போது

இவ்விளையாட்டை ஒருவரே ஆடலாம். இருவர் ஆளுக்கொரு திருகைப் பிடித்தும் ஆடலாம். தனித்து ஆடுபவரின் இரு கைகளையும் ஒரே மனம் இயக்குகிறது. அங்குப் பேச்சுக்குத் தேவையில்லை. இருவர் ஆடும்போதோ, ஒருவர் நினைப்பதை மற்றவர் அறியச் சொல்லே துணையாகிறது. ‘மெல்ல’, ‘நிறுத்து’, ‘இப்போது’ என்னும் சிறு சொற்கள் உரிய நொடியில் வரவேண்டும். நொடி தவறிய சொல்லால் பயனில்லை. உருண்டை விழுந்தபின் ‘உன்னால்தான்’ என்று பழிகூறும் இணை, அடுத்த முறையும் அதே துளையில் விழக்கூடும். எங்கே தவறினோம் என்று சேர்ந்து ஆராயும் இணை அத்துளையைக் கடக்கக் கற்றுக்கொள்ளும்.

இயந்திரம் ஆடிய ஆட்டம்

சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இவ்விளையாட்டை ஆடும் ‘சைபர்ரன்னர்’ என்னும் இயந்திரத்தை 2023ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தினர். இரண்டு மின்பொறிகள் அதன் கைகள். ஒரு படக்கருவி அதன் கண். தன் பிழைகளிலிருந்தே அது கற்றது. ஏறத்தாழ ஆறு மணிநேரப் பயிற்சியில், மனிதர் ஆடிப் பதிவான மிகக் குறைந்த நேரத்தையும் அது முந்தியது.

கற்கும்போது அவ்வியந்திரம் வேறொன்றையும் கண்டுபிடித்தது. வரைந்த வழியின் சில பகுதிகளைத் தாண்டிக் குறுக்குவழியில் சென்றால் விரைவில் முடிக்கலாம் என்பதே அது. விரைவு ஒன்றே அதன் இலக்கு. ஆகவே, அதன் கணக்கில் அது தவறன்று. குறுக்குவழி கூடாது என்று ஆய்வாளர்களே அதற்குக் கற்பிக்க நேர்ந்தது.

மேசையடியில் ஆடும் சிறுவருக்கும் அக்குறுக்குவழி கண்ணில் படுவதுண்டு. யாரும் பார்க்காதபோதும் அதனை விடுத்து, உருண்டையைக் கோட்டின்வழியே செலுத்த அவர்களால் முடியும். எளிதில் வெல்லும் வழியைத் தாமே மறுப்பதால்தான் விளையாட்டு, விளையாட்டாகிறது. இயந்திரத்திற்கு விதி வெளியிலிருந்து வந்தது. மனிதர்க்கோ அஃது உள்ளிருந்தும் வரவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. அட்டைப்பெட்டியின் மூடியில் துளைகளிட்டு இவ்விளையாட்டைச் செய்க. இருவர் எதிரெதிரே பிடித்து ஆடி, பயன்படுத்திய சொற்களைப் பட்டியலிடுக.
2. ‘வெற்றி பெரிதா, வெல்லும் வழி பெரிதா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.