மதுவிலக்கும் மாதர் ஓட்டும்



ஓட்டு உலக காரியம், குடியை விடுவது ஆத்தும காரியம்; இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அநேக தேசங்களில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட இயக்கமும் மதுவிலக்கு இயக்கமும் கைகோத்தே நடந்தன. நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

மட்டசனம் என்னும் புண்ணியம்

விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்று தலையான புண்ணியங்கள் நான்கு. மட்டசனமாவது, உணவு, பானம் முதலிய இன்பங்களைப் புத்திக்கும் தேவ கட்டளைக்கும் அடங்கி அளவோடு அனுபவிப்பது. திராட்சை இரசம் தன்னிலே தீயதல்ல. கானாவூர் கலியாணத்தில் நம் ஆண்டவர் தண்ணீரை இரசமாக்கினார். பூசையில் அந்த இரசத்தையே தமது திரு இரத்தமாக்குகிறார். ஆனால் புத்தி மயங்கக் குடிப்பது பாவம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவது கனமான குற்றம் என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் கற்பிக்கிறது. நம் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மறக்கலாகாது. வாரக் கூலி குடிக்குப் போய்ப் பிள்ளைகள் பசித்திருந்தால், அது மட்டசனத்துக்கு மாத்திரமல்ல, நீதிக்கும் விரோதம்.

முழு மதுவிலக்கு, மனமுவந்து செய்யும் ஒரு தியாகம். 1838-ல் அயர்லாந்து தேசத்துக் கார்க் நகரில் தியோபால்டு மேத்யூ சுவாமியார் ஏற்படுத்திய சங்கத்தில் இலட்சக்கணக்கானோர் சேர்ந்து குடியை விடுவதாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள்.

ஓட்டு வந்த விதம்

அமெரிக்காவில் 1874-ல் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. அதன் நியூசிலாந்துக் கிளையைச் சேர்ந்த கேட் ஷெப்பர்டு அம்மாள், ஓட்டில்லாத பெண்ணின் கண்ணீரைச் சட்டசபை கவனிக்காது என்று கண்டு ஊரூராய்க் கையொப்பம் திரட்டினார். சாராய வியாபாரிகள் பலமாக எதிர்த்தார்கள். ஆயினும் 1893 செப்டம்பர் 19-ந் தேதி அந்நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது.

நம் நாட்டில் 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஆரம்பமாயிற்று. அவ்வருடம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் மாண்டேகு மந்திரியைக் கண்டு ஓட்டுரிமை கேட்டார்கள். 1921-ல் சென்னைச் சட்டசபை அதற்கு இசைந்தது. பிரிட்டிஷ் மாகாணங்களில் நமதே முதலாவது. ஆனால் சொத்துள்ள பெண்களுக்கு மட்டுமே அவ்வுரிமை. அதே வருடம் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். 1930-ல் தேசமெங்கும் பெண்கள் சாராயக்கடை வாசலில் நின்றார்கள். இவர்களில் பெரும்பாலோர் நம் சபையைச் சேர்ந்தவர்களல்லர். அதனால் அவர்கள் செய்த நன்மை குறைந்துவிடாது.

1950-ல் அரசியல் சட்டம், வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டுரிமை தந்தது. ஆனால் முதல் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா எடுத்தபோது சுமார் 28 லட்சம் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே சொன்னதால் நீக்கப்பட்டார்கள். ஞானஸ்நானத்தில் சர்வேசுரன் முன்னிலையில் ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரால் அழைக்கப்படுகிறாள் அல்லவா!

சட்டம் மட்டும் போதுமா?

பெண்களும் ஓட்டளித்த 1937-ம் வருடத் தேர்தலுக்குப் பின், ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2 முதல் அது மாகாணம் முழுவதற்கும் சட்டமாயிற்று. அன்று மதுரை ஜில்லாவிலிருந்த கொடைக்கானலும் அதற்கு உட்பட்டது. 1971-ல் அச்சட்டம் தளர்ந்தது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003 முதல் அரசாங்க ஸ்தாபனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. ஆந்திராவில் நெல்லூர் ஜில்லா தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு பரவி, 1995-ல் அங்கே பூரண மதுவிலக்கு வந்தது. 1997-ல் அது நீங்கியது. சட்டம் கடையை மூடும். மனதில் உள்ள தாகத்தை மாற்றாது. நல்ல சட்டமும் வேண்டும், அதைத் தாங்கும் புண்ணியமும் வேண்டும்.

வினா விடை

வினா: ஓட்டுப் போடுவது கடமையா?
விடை: ஆம். வரி செலுத்துவதைப் போல் அதுவும் மனசாட்சிக்கு அடுத்த கடமை. 1945 அக்டோபர் 21-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் கத்தோலிக்கப் பெண்களுக்குப் பொதுவாழ்வில் தங்கள் பங்கைச் செலுத்தும்படி புத்தி சொன்னார்.

வினா: பாட்டிலுக்கோ பணத்துக்கோ ஓட்டை விற்கலாமா?
விடை: கூடாது. 1951-ம் வருடத் தேர்தல் சட்டப்படி அது இலஞ்சம். ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தின 48 மணி நேரமும் மது விற்கக்கூடாதென்று விதித்திருப்பதும் ஓட்டாளரின் புத்தி தெளிவாயிருக்கவே. விற்ற ஓட்டின் விலையைக் கொடுப்பது வீட்டிலுள்ள பிள்ளைகளே.

வினா: புருஷன் காட்டும் ஆளுக்கே மனைவி ஓட்டுப் போடவேண்டுமா?
விடை: இருவரும் கலந்து பேசுவது நல்லது. ஆனால் அவளுடைய ஓட்டுக்கு அவளே சர்வேசுரனுக்கு உத்தரவாதி. மிரட்டுவது புருஷனுக்குப் பாவம்.

வினா: எந்தக் கட்சிக்குப் போடுவது?
விடை: கட்சியின் பெயரைச் சொல்வது கோவிலின் வேலையல்ல. ஏழையின் குடும்பத்தைக் காப்பவர் யார் என்று விசாரித்து, ஜெபித்து, முடிவு செய்யுங்கள்.

இவ்வாரத் தீர்மானம்

1893-ல் நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை பெற்ற அதே செப்டம்பர் 19-ல்தான், 1846-ல் தேவமாதா சலேத் மலையில் அழுத கண்ணோடு காட்சி தந்தார்கள். நம் மலையிலும் கோவில் கொண்டிருக்கும் அத்தாயாரிடம், குடியினால் கண்ணீர் சிந்தும் வீடுகளுக்காக இவ்வாரம் குடும்ப ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஒப்புக்கொடுங்கள். ஆண்கள் வாரக் கூலியை முதலில் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள். தாய்மாரும் வயதுவந்த பெண்பிள்ளைகளும் ஓட்டாளர் ஜாபிதாவில் தங்கள் பெயர் சரியாயிருக்கிறதா என்று பாருங்கள். மலைக்கிராமங்களில் உள்ளவர்கள் கிராம சபைக்குத் தவறாமல் போய், கடை வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தைரியமாய் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு