பழைய கூப்பேயும் புதிய கூப்பேயும்: ஓட்ட இதமும் செலுத்தற் பண்பும்

மாணாக்கர் விடுதித் திண்ணையில் மோட்டார் வண்டிகளைக் குறித்து வாதம் எழும்போதெல்லாம் வேகம் ஒன்றே பெரிதும் பேசப்படுகின்றது. பழைய வண்டியே வண்டி என்பார் ஒரு சாரார். புதியதற்கு அஃது ஈடாகாது என்பார் மற்றொரு சாரார். நேர்சாலையில் விரைந்தோடுதல் எஞ்சினின் வலிமையால் ஆவது. வண்டியின் உண்மைக் குணமோ குண்டிலும் வளைவிலுமே புலப்படும். ஆதலின் அவ்விரண்டிடத்தும் பழையதும் புதியதும் எவ்வாறு ஒழுகுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கூப்பே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். வெட்டப்பட்டது என்பது அதன் பொருள். முன்னாளில் இருவரிசை ஆசனமுடைய குதிரை வண்டியில் ஒரு வரிசையை வெட்டி நீக்கிச் செய்த சிறு வண்டிக்கு அப்பெயர் வழங்கிற்று. பின்னர் இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் உடைய மோட்டார் வண்டிக்கு அது பெயராயிற்று.

வண்டியின் ஓட்டத்தில் இரு குணங்கள் வேண்டப்படுகின்றன. தரையின் மேடுபள்ளம் உள்ளிருப்போரை வருத்தாமை ஒன்று; அதனை ஓட்ட இதம் என்போம். ஓட்டுவோன் கருதிய வழியே வண்டி பிறழாது செல்லுதல் மற்றொன்று. அதனைச் செலுத்தற் பண்பு என்போம். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று எளிதில் இணங்குவன அல்ல. நம் ஊராகிய ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கட்டை வண்டியும் வில்வண்டியும் ஓடிய நாளை முதியோர் நன்கறிவர். கட்டை வண்டியில் பாரம் நேரே அச்சின்மேல் அமர்வதால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பிற்குச் செய்தி சொல்லும். வில்வண்டியிலோ கமான் பட்டைகள் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆயின் வில் மிக மென்மையானால் திரும்புங்கால் வண்டி ஒருபுறம் சாயும். பாரம் உயர்ந்தால் சாய்வும் மிகும். கழுத்தளவு கரும்பேற்றிய வண்டி வாய்க்கால் திருப்பத்தில் ஆடுவதைக் காணாதார் நம் பக்கத்தில் இலர். மென்மை மிகின் உறுதி குறையும். உறுதி மிகின் இதம் குறையும். மோட்டார் வண்டி சமைப்போர் நூறாண்டுக்கு மேலாக அவிழ்க்க முயலும் முடிச்சு இதுவே.

இம்முடிச்சு நம் சென்னையிலேயே ஒருமுறை சோதனைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு டிரயம்ப் ஹெரால்டு என்னும் சிறுகார் வெளிவந்தது. இத்தாலியராகிய மிகெலாட்டி அதன் உருவை வகுத்தார். கூப்பே வடிவமும் அதற்கு உண்டு. இரண்டாண்டின் பின், 1961-இல், சென்னையில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அதன் இருகதவுச் சலூன் வடிவை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரால் செய்யத் தொடங்கிற்று. இருபத்தைந்தடி அகலத்துள் முழு வட்டமாகத் திரும்பிவிடும் அதன் திறம் அந்நாளில் வியக்கப்பட்டது.

அவ்வண்டியின் பின்சக்கரங்கள் ஒரே அச்சால் பிணைக்கப்பட்டவை அல்ல. நடுவிலுள்ள டிபரன்ஷியல் பெட்டியருகே கீல் வைத்தாற்போல இணைந்த இரண்டு அரை அச்சுகள், பறவையின் சிறகுகள் போல மேலும் கீழும் அசையும். ஒரு சக்கரம் குண்டில் இறங்கினும் மற்றது கலங்காது; இது நன்மை. ஆயின் வளைவில் விரைந்து சென்ற ஒருவன் அஞ்சி ஆக்சிலரேட்டரினின்று திடீரெனக் காலை எடுத்தால், பாரம் முன்னே சாய, வண்டியின் பின்புறம் மேலெழும். அப்போது சிறகு தாழ்வதுபோல அரை அச்சுகள் கீழ்நோக்கிச் சாய, சக்கரத்தின் அடி உள்நோக்கி மடங்கும். டயர் தன் முழு அகலத்தால் தரையைப் பற்றாது விளிம்பால் நிற்கும். வண்டியின் வால் வெளியே வீசப்படும். 1970-களின் தொடக்கத்தில் அத்தொழிற்சாலை செய்த ஸ்டாண்டர்டு கெஸல் என்னும் வண்டியில் இவ்வமைப்பு நீக்கப்பட்டு, இரு சக்கரத்தையும் பிணைக்கும் திண்ணிய அச்சே வைக்கப்பட்டது. நம் நாட்டு ஓட்டுநர்க்கும் மெக்கானிக்குகளுக்கும் பழகிய வழி அதுவேயன்றோ?

இங்கிலாந்திலோ வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. ஹெரால்டின் குடும்பத்தில் 1966-இல் பிறந்த டிரயம்ப் ஜி.டி.6 என்னும் கூப்பே, ஆறு சிலிண்டரும் 1998 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. ஆற்றல் 95 குதிரைத்திறன். பின்னே இருந்ததோ அதே சிறகு அச்சு. வேகம் மிகவே குறையும் மிகத் தெரிந்தது. 1968-இல் வந்த இரண்டாம் வடிவில், சக்கரம் மடங்காதபடி கீழே ஒரு தாங்கு கையும் ரப்பர் இணைப்பும் சேர்க்கப்பட்டன. இரண்டாண்டிலேயே வண்டியின் ஒழுக்கம் மாறிற்று. பழையவை யாவும் ஒரு தன்மையன என்று கூறுதல் தவறு என்பதற்கு இதுவே சான்று.

இனிப் புதியதற்கு வருவோம். 2012-இல் வந்த டொயோட்டா 86 என்னும் கூப்பேயும், வியக்கத்தக்கவாறு, அதே 1998 கன சென்டிமீட்டர் எஞ்சின் உடையது. ஆற்றலோ ஏறத்தாழ 200 குதிரைத்திறன். அதன் சிலிண்டர்கள் நிமிர்ந்து நில்லாமல் இருபுறமும் படுத்திருப்பதால் பாரம் தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கின்றது. நம் கரும்பு வண்டிக்கு நேர்மாறு. பின்சக்கரங்கள் தனித்தனியே இரட்டைக் கைகளால் தாங்கப்படுவதால், பின்புறம் எழுந்தாலும் தாழ்ந்தாலும் டயர் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். ஜி.டி.6-இன் டயர் அகலம் 155 மில்லிமீட்டர். இதன் அகலம் 215. வளைவில் இது மேம்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதம் எங்கே? இப்புதிய டயரின் பக்கச்சுவர் உயரம் 97 மில்லிமீட்டரளவே. பழைய டயரின் சுவர் இதனினும் உயர்ந்தது. காற்றடைத்த அவ்வுயரமே ஒரு மென்மையான வில்லாக உதவிற்று. ஆதலின் கரும்பு டிராக்டர்கள் உழுதுவிட்ட சிற்றூர்ச் சாலையிலும் வேகத்தடையிலும் புதிய கூப்பே வருந்தும். பழையது முனகிக்கொண்டேனும் மெல்லக் கடந்துவிடும். புதியது எல்லாவற்றாலும் உயர்ந்தது என்பாரும் இங்கே சற்று நின்று எண்ணல் வேண்டும்.

இனி இவ்வாராய்ச்சியின் பயனைக் கூறுவோம். விடுமுறைதோறும் நம் இளைஞர் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறுகின்றனர். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவு ஒன்றைக் கருதுக. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ள ஒருவன் தன்னை ஏறத்தாழ 10 கிலோ பாரம் வெளிப்புறம் தள்ளுவதாக உணர்வான். வேகம் 36 ஆயின் அது 20 கிலோ ஆவதில்லை. 40 கிலோ ஆகும். வேகம் இருமடங்கானால் தள்ளுவிசை நான்மடங்காம் என்பது நாம் வகுப்பிற் கற்ற சூத்திரமே. மழைநீர் வழியும் சாலையில், தேய்ந்த டயரால் அவ்விசையைத் தாங்கல் அரிது.

புதிய வண்டிகள் இங்கே ஓர் உதவி செய்கின்றன. 1995-இல் மெர்ஸிடிஸ் பென்ஸின் பெரிய கூப்பே ஒன்றில் தோன்றிய மின்னணு நிலைகாப்பு முறை, ஸ்டீயரிங் திரும்பிய திசையையும் வண்டி திரும்பும் திசையையும் ஒப்பிட்டு, இரண்டும் பிறழ்ந்தால் வேண்டிய சக்கரத்தை மட்டும் தானே பிரேக் பிடிக்கின்றது. பல உயிர்களைக் காக்கும் அருங்கருவி இது. ஆயின் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தை அது காக்குமேயன்றிப் பெருக்காது. இருப்பதற்கு மேல் செலவிட்டவனுக்குக் கணக்கப்பிள்ளையும் துணைசெய்ய இயலாதன்றோ?

பழைய கூப்பே தன் எல்லையை முன்னரே அறிவித்தது: டயர் கீச்சிட்டது, உடல் சாய்ந்தது, ஸ்டீயரிங் கையில் நடுங்கிற்று. புதியது அவ்வெல்லையை வெகுதூரம் தள்ளி வைத்திருக்கின்றது. ஆயின் அங்கே செல்லும் வரை அமைதியாகவே இருக்கின்றது. அவ்வமைதியைத் தன் திறமை என மயங்குவோனுக்கே இடர் மிகுதி. ஆகவே, நண்பர்களே, வண்டி எவ்வாண்டினதாயினும் வளைவிற்கு முன்னரே வேகத்தைக் குறைமின். வளைவினுள் திடீரென எதையும் செய்யாதீர். டயரைப் பார்த்தபின் பயணத்தைத் தொடங்குமின். சிறகு அச்சு நமக்குக் கற்பித்த பாடம் இது. அவ்வச்சு மறைந்துவிட்டது, பாடம் மறையவில்லை.