தட்டு பாடும், தாள் பேசும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

முன்னுரை

நம் இசையின் வரலாறு கச்சேரி மேடையில் மட்டும் இல்லை. பழைய பேப்பர் கடையின் தராசிலும் அது ஏறி இறங்குகிறது. இதை நான் நூலில் படித்து அறியவில்லை. சைதாப்பேட்டையில் என் தந்தையார் நடத்தும் பழைய பேப்பர் கடையில் கண்டு அறிந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நந்தனத்தில் வகுப்பு முடிந்ததும் கடைக்குச் சென்று, வந்திருக்கும் கட்டுகளைப் பிரித்து வகைப்படுத்துவது என் அன்றாட வேலை.

இசைத்தட்டு அன்பர்களுக்காக வெளிவந்த இதழ்களை ஏன் சேகரிக்க வேண்டும், எவ்வாறு சேகரிக்க வேண்டும் என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் இக்கட்டுரையில் கூற முயல்கிறேன். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் குறை பொறுப்பார்களாக.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், தியாகராய நகரில் காலி செய்த ஒரு வீட்டிலிருந்து இரண்டு கட்டுகள் வந்தன. முதல் கட்டைப் பிரிக்காமலே ஆலைக்குப் போகும் குவியலில் போட்டுவிட்டேன். இரண்டாவது கட்டை என் தந்தையார் பிரித்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது; ஆனால் காகிதம் தெரியும். ஒரு புத்தகத்தின் அட்டையை விரலால் தடவிப் பார்த்து, “தம்பி, இது நல்ல காயிதம்டா. இன்னா போட்டிருக்குதுன்னு படிச்சுப் பாரு” என்றார்.

படித்தேன். மேலே ‘ஸ்ருதி’ என்னும் ஆங்கில மாத இதழ்கள் இருந்தன. அவற்றின் கீழே, ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ என்னும் ஆடம்பரமில்லாத ஓர் இதழின் சில பிரதிகள் இருந்தன. ஏதோ சங்கத்தின் அறிக்கை போலும் என்று எண்ணி ஓரமாக வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, பழைய இசைத்தட்டுகளைத் தேடி வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். அந்த இதழ்களைக் கண்டதும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எண்களைப் பார்த்த பின், “இதுக்கு முந்தின நம்பரெல்லாம் எங்கே தம்பி?” என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை. அவை முதல் கட்டில் இருந்திருக்க வேண்டும். அந்தக் குவியல் முந்தின நாளே லாரி ஏறிவிட்டது.

அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. அந்த இதழ்களால் என்ன பயன் என்பதை அரை மணி நேரம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

தட்டு சொல்லாத செய்தி

அரக்கும் கல் தூளும் கலந்து செய்த பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடப் பாட்டு அடங்கும். அதாவது, தட்டு சுமார் 250 சுற்றுச் சுற்றினால் பாட்டு முடிந்துவிடும். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டில் நிறுவனத்தின் பெயர், பாடியவர் பெயர், பாட்டின் தொடக்கம், பட்டியல் எண் ஆகியவை இருக்கும். சீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் ஒலிப்பதிவு எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் எந்த ஆண்டில் பாடியது என்பது பெரும்பாலும் இராது.

எம். எஸ். சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே தட்டில் பாடியவர். அவருடைய பழைய தட்டு ஒன்று நமக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த வயதுக் குரல் என்று தட்டு சொல்லாது. அந்த எண்ணுள்ள தட்டு எந்த மாதம் விற்பனைக்கு வந்தது என்று அச்சிட்ட தாள் ஒன்று இருந்தால்தான் விடை கிடைக்கும்.

சில வேளைகளில் தட்டு நம்மைத் திசை திருப்பியும் விடும். 1949ஆம் ஆண்டு வெளிவந்த ‘மகால்’ என்னும் இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாட்டின் தட்டில், பாடியவர் பெயர் முதலில் ‘காமினி’ என்றே அச்சாகியது. காமினி என்பது படத்தில் வரும் கதாபாத்திரத்தின் பெயர்!

இந்தியத் தட்டுகளின் தொடக்கக் காலத்திலேயே இந்தச் சிக்கல் தோன்றிவிட்டது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அந்த அம்மையார் தம் பெயரை உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரில். அங்கிருந்தவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, பாடியவரும் யாரென்று தெரியாது. சரியான சீட்டை ஒட்டுவதற்கு அந்தக் குரல் துணை செய்தது. எல்லாரும் அவ்வாறு பெயர் சொல்லிக்கொண்டே இருக்கவில்லை. எனவே, பெயர் சொல்லும் பொறுப்பைத் தாள் ஏற்றுக்கொண்டது எனலாம்.

மூவகைத் தாள்கள்

தட்டுக்குத் துணை நிற்கும் தாள்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிறுவனங்கள் வெளியிட்ட பட்டியல்களும் மாதக் குறிப்புகளும். 1930களில் ஓடியன் முத்திரைத் தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பிய சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளுடன் நடத்தியது. இத்தகைய நிறுவனங்களின் பட்டியல்கள் எந்தத் தட்டு எப்போது வந்தது என்று காட்டும். ஆனால் வணிகர் தம் சரக்கைத் தாமே குறை கூற மாட்டார் அல்லவா?

இரண்டாவது, திரைப்படக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாடல்கள் எல்லாம் இவற்றில் உண்டு. படச்சுருளே அழிந்துபோன சில படங்களுக்கு இன்று இவையே சாட்சி.

மூன்றாவது, எந்த நிறுவனத்தையும் சாராத தனி இதழ்கள். தட்டை விலை கொடுத்து வாங்கிக் கேட்பவன் கட்சியில் நின்று பேசுபவை இவையே. லண்டனில் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி 1923ஆம் ஆண்டு தொடங்கிய ‘தி கிராமபோன்’ இதற்கு முன்னோடி. நம் சென்னையில் என். பட்டாபிராமன் 1983ஆம் ஆண்டு ‘ஸ்ருதி’யைத் தொடங்கினார். அது இசைக்கும் நாட்டியத்துக்கும் உரிய இதழ். தட்டுச் சேகரிப்போருக்கென்றே அமைந்தது ‘தி ரெக்கார்ட் நியூஸ்’. 1990ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் 1991 முதல் அதை வெளியிட்டது. அச்சங்கத்தின் தூணாக விளங்கிய சுரேஷ் சாந்த்வண்கர், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் என்று அறிந்தபோது, இயற்பியல் மாணவனாகிய எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று.

இத்தகைய இதழில் ஒருவர் ஒரு பட்டியலை வெளியிடுவார். வேறோர் ஊர்க்காரர் தம் வீட்டுத் தட்டைப் பார்த்து அதைத் திருத்துவார். எனவே, ஓர் இதழ் விடுபட்டால் கேள்வி நம்மிடம் இருக்கும், விடை இராது. நான் லாரியில் ஏற்றி அனுப்பியவற்றில் எத்தனை விடைகள் போயினவோ!

சேகரிக்கும் முறை

பெரியவர் சொன்னவற்றையும் நான் செய்து பார்த்தவற்றையும் தொகுத்துத் தருகிறேன்.

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், மாதம், ஆண்டு என ஐந்து கட்டங்கள் போடுக. கையில் இருப்பதை எழுதுவதை விட, இல்லாததை எழுதுவது முக்கியம்.

2. விளம்பரப் பக்கங்களையும் அட்டையையும் கிழிக்கலாகாது. பைண்டு செய்யும்போது இவற்றை நீக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு தட்டு எந்த மாதம், என்ன விலைக்கு வந்தது என்ற செய்தி பெரும்பாலும் அந்த விளம்பரத்தில்தான் இருக்கும்.

3. மலிவான அச்சுத் தாளில் மரக்கூழின் லிக்னின் என்னும் பொருள் உள்ளது. ஒளியும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். தாளில் அமிலம் சேர்ந்து நொறுங்கும். ஆகவே வெயிலும் ஈரமும் படாத இடத்தில் இதழ்களைக் கிடையாக அடுக்குக. இசைத்தட்டுகளையோ நிறுத்தி வைக்க வேண்டும்.

4. துருப்பிடித்த பின்னை மெல்ல நீக்கி, பருத்தி நூலால் தைக்கலாம். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டவே கூடாது; அதன் பசை காலப்போக்கில் தாளைக் கறையாக்கும்.

5. எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க நம்மால் இயலாது, வேண்டியதும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் சேர்த்த நூல்களோடு நாடக நோட்டீசுகளும் திருமண அழைப்புகளும் கூட, இன்று தரமணியில் அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் காக்கப்படுகின்றன. ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ இதழ்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் படிக்கலாம். நான் இழந்த பக்கங்கள் சிலவற்றை அங்கேதான் கைப்பேசியில் படித்தேன். ஆனால் அந்த வீட்டுக்காரர் ஓரத்தில் ஏதேனும் குறிப்பு எழுதி வைத்திருந்தால், அது எந்த மின்னூலகத்திலும் கிடைக்காது.

முடிவுரை

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு கட்டு இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். இசை, நாடகம், திரைப்படம் பற்றிய பழைய இதழ்கள் கிடைத்தால், நம் கல்லூரி நூலகத்தில் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்குமாறு நாம் அனைவரும் ஆசிரியர்களை வேண்டிக்கொள்ளலாம். இந்த ஆண்டு மலரும் ஒரு நாள் எங்கள் கடை போன்ற ஒரு கடைக்கு வரக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இப்போது எங்கள் கடையில் ஒரு மரப்பெட்டி தனியே இருக்கிறது. என் தந்தையாருக்கு எழுத்துத் தெரியாது என்றேன். ஆனால் நாள் முழுதும் எடை போடுகிறவர் ஆதலால் எண்கள் நன்றாகத் தெரியும். இதழ் எண்ணும் ஆண்டும் எண்கள்தாமே! நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் வரும் இதழ்களை அவரே வரிசையாக அடுக்கி, நடுவில் எண் விட்டுப்போன இடத்தில் ஒரு துண்டு அட்டையைச் செருகி வைக்கிறார். மாலையில் நான் கடைக்குள் நுழைந்ததும், “இன்னிக்கு ஒண்ணு சேர்ந்துச்சுடா, தம்பி” என்று சொல்லி ஓர் அட்டையை எடுத்துவிட்டதைக் காட்டுவார். இன்னும் பதினொரு அட்டைகள் எடுக்க வேண்டியிருக்கின்றன.