நாடா மறைத்த பொருக்கு

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். தொற்றுநோய் மருத்துவராக வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ‘பேசாமல் கார்டியாலஜி படி’ என்கிறார்கள் வீட்டில். எப்படிப் படிப்பது? சிகிச்சை, ஆராய்ச்சி இரண்டையும் ஒருவரே செய்ய முடியுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் பொது மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, பிறகு தொற்றுநோயியலில் டி.எம். 3 ஆண்டு. டில்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதய மருத்துவர் அளவுக்குச் சம்பாதிக்க முடியாது. வீட்டில் அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் வேலையின் ருசியைச் சொல்கிறேன். ஒன்பது நாள் காய்ச்சலோடு ஓர் அம்மா வந்தார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. அதற்குள் இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றியாகிவிட்டது. “காய்ச்சலுக்கு முன்னால் எங்கேம்மா போனீங்க?” என்று கேட்டேன். “ஆட்டுக்குப் புல்லறுக்க ஓடைக்கரைக்கு, ஐயா” என்றார். திரையை இழுத்துவிட்டு, நர்ஸம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் பார்த்தோம். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், பீடி சுட்டாற்போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. புல்லில் இருந்த உண்ணி கடித்த தடம் அது. உண்ணிக் காய்ச்சல்! டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார். விலை குறைந்த, பழைய மாத்திரைதான் அது.

எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக அமைவதில்லை. நுரையீரல், சிறுநீரகம் பாதித்து ஐ.சி.யு.வுக்கு வருபவர்களுக்கு டாக்ஸிசைக்ளினா, அசித்ரோமைசினா என்ற கேள்வி வார்டில் ரொம்ப நாளாக இருந்தது. சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சில சேர்ந்து, கிட்டத்தட்ட 800 நோயாளிகளிடம் இவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து ஒப்பிட்டன. 2023-ல் முடிவு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களே கூடுதலாகத் தேறினார்கள். இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை; அதையும் கட்டுரையிலேயே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையை என் மாணவர்களைப் படிக்கச் சொல்வேன்.

பார்த்தீர்களா, கட்டில் பக்கத்தில் எழுந்த கேள்விதான் ஆராய்ச்சியாயிற்று. இரண்டும் ஒருவரே செய்யலாம், செய்யவும் வேண்டும். இப்போதே தொடங்குங்கள். இன்றிரவு டூட்டியில் காய்ச்சலோடு யாராவது வந்தால், ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன் பிளட் கல்ச்சர் எடுத்துவிடுங்கள். அக்குளையும் இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.