சார்பும் சோதனையும்

எம் ஊராகிய உடன்குடியில், காய்ச்சிய பாகு சிரட்டையில் இறுகாது இளகி நின்றால், அனுபவமுடையோர் காய்ச்சியவரை உடனே குறைகூறுவதில்லை. பாளையிற் கட்டிய கலயத்திற் சுண்ணாம்பு குறைந்திருப்பின் பதநீர் புளித்துவிடும். அதனை எத்துணைத் திறமையோடு காய்ச்சினும் நல்ல கருப்பட்டி அமையாது. குற்றம் அடுப்பிலா, கலயத்திலா எனப் பிரித்தறிதலே அவர்தம் முதல் வேலை. திறமூல மென்பொருளைச் சோதிப்பார்க்கும் இதுவே முதற்பாடம்.

திறமூல மென்பொருளாவது, மூலநிரலைக் கற்கவும் திருத்தவும் யாவர்க்கும் உரிமை அளிப்பது. அது சிறு சிறு தொகுதிகளாக எழுதப்படும். ஒரு தொகுதி மற்றொன்றன் உதவியை வேண்டி நிற்றல் சார்பு எனப்படும். யாப்புப் பயில்வார்க்கு இது புதிதன்று. எழுத்தைச் சார்ந்து அசையும், அசையைச் சார்ந்து சீரும், சீரைச் சார்ந்து தளையும் அமைவன அல்லவோ?

ஓர் உதாரணம் காண்போம். பைத்தான் மொழியில் அமைந்த ‘ஓபன் தமிழ்’ என்னும் மென்பொருள், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவது. அதனைச் சார்ந்து ஒருவர் அசை பிரிக்கும் தொகுதி எழுதினார் என்க. ‘உடன்குடி’ என்று கொடுத்தால் ‘நிரைநிரை’ என விடை வருதல் வேண்டும். தானே இயங்கும் சோதனைக் கருவி, வந்த விடையை வரவேண்டிய விடையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறும். இச்சொல்லை யூனிகோடு முறை 8 குறிகளாகக் கொள்ளும். நமக்கோ எழுத்து 5 மட்டுமே. எழுத்துப் பிரிப்பில் இவ்வேறுபாட்டாற் பிழை நேரின் அசையும் பிழைபடும். அப்பொழுது அசைத் தொகுதியே தவறியது எனத் தீர்ப்பளித்தல் அநீதியன்றோ?

இதனைத் தவிர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு சோதனைக்கும் தூய சூழல் ஒன்றமைத்து, ஆசிரியர் சார்பென அறிவித்தவற்றை மட்டும் அங்கே நிறுவுதல்; அறிவிக்க மறந்த சார்பு உடனே வெளிப்படும். இரண்டாவது, அடியில் நிற்கும் தொகுதியை முன்னும், அதனைச் சார்ந்ததைப் பின்னும் சோதித்தல். அடியிலுள்ளது தவறின் மேலுள்ளதற்குத் தீர்ப்புக் கூறாது நிறுத்தல். மூன்றாவது, உ, ட, ன், கு, டி என்னும் எழுத்துக்களை நாமே பிரித்துக் கொடுத்து, அசைத் தொகுதியைத் தனியே சோதித்தல். எனினும் இம்மூன்றாவது மட்டும் போதாது. எழுத்துத் தொகுதியின் புதிய பதிப்பில் நேர்ந்த மாறுதலை அது காட்டாது. ஆதலின் இரண்டையும் சேர்த்தும் சோதித்து, பதிப்பெண்களை அறிக்கையிற் குறித்தல் அவசியம்.

நிற்க. பெர்ல் மொழித் தொகுதிகளின் களஞ்சியமாகிய சீபானில், 1998-ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர் பலர் இப்பணி புரிந்து வந்தனர். அவர்தம் முடிவுகள் தேறியது, தவறியது என்னும் இரண்டோடு நில்லாமல், இச்சூழலுக்குப் பொருந்தாது, அறியக்கூடவில்லை என்பவற்றையும் சேர்த்து நான்காக வகுக்கப்பட்டன. அறியாததை அறியாததென்றே கூறும் இந்நேர்மை பாராட்டற்பாலது.

ஊதியங் கருதாது எழுதுவோரின் நற்பெயரும், அவர்தம் தொகுதியை நம்புவோரின் வேலையும் இத்தீர்ப்பையே பற்றி நிற்கின்றன. கலயத்தைப் பாராது அடுப்பைப் பழித்தல் எம்மூரார் செய்யாதது. கணினி கற்கும் நாமும் அது செய்யாதிருப்போமாக.