ஓசியில கிடைச்ச பாட்டு, நூறு டாலர் சிடி

2013 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலிஸ் ராப்பர் நிப்ஸி ஹஸில் 'கிரென்ஷா'ன்னு ஒரு மிக்ஸ்டேப் விட்டார். நெட்ல யார் வேணும்னாலும் ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிக்கலாம். அதையே சிடியா வாங்கணும்னா 100 டாலர், மொத்தமே 1,000 சிடிதான். ஓசியில கிடைக்கிறதை எவன் காசு கொடுத்து வாங்குவான்னுதானே கேக்குறீங்க? எல்லாமே வித்துப் போச்சு. ராப்பர் ஜே-ஸி மட்டும் 100 சிடி வாங்கினார்.

1,000 பெருக்கல் 100, ஒரு லட்சம் டாலர். தொகை பெருசில்ல, அது யார் கைக்குப் போச்சுங்கிறதுதான் விஷயம். வழக்கமா மியூசிக் கம்பெனி பாடகருக்கு முன்பணம் கொடுக்கும். அந்தப் பணம், ரெக்கார்டிங் செலவு எல்லாத்தையும் பாடகரோட பங்குலேருந்தே கழிச்ச பிறகுதான் ராயல்டி வரும். 'மாஸ்டர்' எனப்படும் மூல ஒலிப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் கம்பெனிகிட்டதான் இருக்கும். நிப்ஸி, எபிக் நிறுவனத்தை விட்டு வெளியே வந்து, 'ஆல் மணி இன்'னு சொந்த லேபிள் நடத்தினவர். அந்த லேபிள் பேரே போதும், ஆளைப் புரிஞ்சுக்க!

நிஜப் பேர் எர்மியஸ் அஸ்கெடோம். அப்பா எரித்ரியாக்காரர். 1985ல பிறந்து, தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ்ல வளர்ந்தார். சின்ன வயசுலயே ரோலிங் சிக்ஸ்டீஸ் கேங்ல சேர்ந்தவர். அதை எங்கேயும் மறைக்கல.

காசு வந்ததும் அவர் ஏரியாவை விட்டுப் போகல. 2017ல கிரென்ஷா-ஸ்லாசன் சந்திப்புல 'மாரத்தான்' துணிக்கடையைத் திறந்தார். கடையில இருக்கிற துணியை ஆப்ல ஸ்கேன் பண்ணா அதுக்குன்னே வச்ச பாட்டு, வீடியோ ஓடும். (சிஎஸ், ஐடி மக்களே, கவனிக்க.) 2018ல 'வெக்டர் 90' வந்தது. தொழில் தொடங்குறவங்க வாடகைக்கு உட்கார்ந்து வேலை பார்க்க இடமும், ஏரியா பசங்களுக்கு அறிவியல், இன்ஜினியரிங் சொல்லித் தர்ற மையமும் அதுல இருந்தது. அதே வருஷம் வந்த 'விக்டரி லேப்' ஆல்பத்துக்கு கிராமி பரிந்துரையும் கிடைச்சது.

எனக்கு உறுத்துறது இதுதான்: எல்லாரும் பார்க்கிற மாதிரி, காவல் இல்லாம சொந்தத் தெருவுல நின்னதுதான் அவரோட பலம். கொல்ல வந்தவனுக்கும் அவரைத் தேட வேண்டிய வேலை இல்ல. 2019 மார்ச் 31 அன்னைக்கு, அந்தக் கடை வாசல்லயே சுட்டுட்டாங்க. வயசு 33. சுட்டவன் வெளியாள் இல்ல, அவருக்குத் தெரிஞ்ச ஏரியா ஆள்தான். கேங் வன்முறையைக் குறைக்கிறது பத்தி மறுநாள் போலீஸ் அதிகாரிகளோட நிப்ஸி தரப்பு பேசுறதா இருந்தது.

ஏப்ரல் 11 அன்னைக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்துல ஒபாமாவோட கடிதத்தை வாசிச்சாங்க. அப்புறம் 25 மைல் இறுதி ஊர்வலம், அந்தக் கடை வழியாவே போச்சு.