மாட்டு ரத்தச் சீட்டை நம்ம அளவில் படிக்கலாமா?



ரத்தப் பரிசோதனை நமக்குப் புதிதல்ல. மாசமாக இருந்தபோது, "ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகக்கூடாது" என்று நர்சம்மா சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகத்தோடு மாட்டுச் சீட்டைப் படித்தால் என்ன ஆகும்? அதுதான் இந்த மாதப் பாடம்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு சகோதரி குழுக்கடனில் கலப்பினப் பசு வாங்கினார். கன்று ஈன்ற இரண்டாம் மாதம், 8 லிட்டர் கறந்த மாடு 5 லிட்டருக்கு இறங்கிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் ரத்தம் எடுத்து, மனிதர்களுக்குப் பார்க்கும் லேப்பில் கொடுத்தார். வந்த சீட்டில் ஹீமோகுளோபின் 9.6, குறைவு. நியூட்ரோபில் 32, குறைவு. லிம்போசைட் 58, அதிகம். ஈசினோபில் 9, அதிகம். எல்லாவற்றிலும் குறி போட்டிருந்தது.

"மாட்டுக்கு ரத்தமே இல்லையாம் மேடம். வித்துட்டு கடன அடைச்சிடுறேன்" என்று கூட்டத்தில் அழுதார். தரகர் பாதி விலைக்குக் கேட்டு வைத்திருந்தார்.

சீட்டோடு அரசு கால்நடை மருத்துவரிடம் போனோம். "எண்ணெல்லாம் இருக்கட்டும்மா. பக்கத்துல அச்சடிச்சிருக்கிற அளவு மனுஷங்களோடது. மாட்டுக்கு இது சரியாத்தான் இருக்கு" என்றார்.

அளவுகளை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்:

- ஹீமோகுளோபின்: பெண்களுக்கு 12-க்கு மேல் (கர்ப்பிணிக்கு 11). பசுவுக்கு 8 முதல் 15. வெள்ளாட்டுக்கு 8 முதல் 12.
- நியூட்ரோபில்: நமக்கு சுமார் 40 முதல் 75 சதம். பசுவுக்கு 15 முதல் 45.
- லிம்போசைட்: நமக்கு 20 முதல் 45 சதம். பசுவுக்கு 45 முதல் 75.
- ஈசினோபில்: நமக்கு 6 சதம் வரை. பசுவுக்கு 20 வரைகூட இருக்கலாம்.

அப்படியானால் பால் ஏன் குறைந்தது? மருத்துவர் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதித்தார். ஒரு காம்பில் வெளியே தெரியாத மடிநோய்! வீக்கம் இல்லை, பாலும் திரியவில்லை. குறை ரத்தத்தில் இல்லை, மடியில் இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு பால் மெல்ல ஏறியது. மாடு இன்றும் அதே கொட்டகையில்தான் நிற்கிறது.

சகோதரிகளே, எண் அளவுக்குள் இருந்தால் மாடு நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் வற்றிக் கிடக்கும் மாட்டுக்கு ரத்தம் கெட்டியாகி, ஹீமோகுளோபின் கூடுதலாகக் காட்டும், சோகை மறைந்துவிடும். கயிறு இழுத்து, மிரண்டு நிற்கும் மாட்டுக்கு வெள்ளை அணுக்கள் ஏறும். அதனால் சீட்டோடு மாட்டையும் பார்க்க வேண்டும். கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா? தாடைக்குக் கீழ் நீர் கோத்திருக்கிறதா? மூத்திரம் காபி நிறமா?

வாய்க்காலும் வயலுமான நம்ம டெல்டாவில் நத்தை வழியாக வளரும் கல்லீரல் தட்டைப்புழு, ஈர வரப்புப் புல்லோடு மாட்டுக்குள் போகிறது. ரத்தம் குறையும், தாடை வீங்கும். இதை உறுதி செய்ய சாணமும் பரிசோதிக்க வேண்டும். காபி நிற மூத்திரம் உண்ணியால் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஊசி மருந்து போடுவதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகலாம். கன்று ஈன்று படுத்துவிட்ட மாட்டுக்கு கால்சியம் ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்தால், குறைவு தெரியாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சிகிச்சைதான் முதலில்.
2. அணுக்கள் பார்க்க ஊதா மூடிக் குப்பி. கால்சியம் பார்க்க அது ஆகாது, சிவப்பு மூடிக் குப்பி வேண்டும்.
3. குப்பியைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஐஸ் நேராகப் படாமல், குளிர்ச்சியாக அன்றே சேர்க்க வேண்டும்.
4. பசுவா ஆடா, வயது, ஈன்ற தேதி, போட்ட மருந்து எல்லாம் எழுதிக் கொடுங்கள்.

ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அலைய முடியாதவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். பழைய சீட்டுகளைக் கடன் பாஸ்புக்கோடு பத்திரமாக வையுங்கள். போன தடவை 11 இருந்தது இப்போது 8.5 என்றால், அளவுக்குள் இருந்தாலும் அது சேதி சொல்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

- நம்ம குழுவில் யாராவது சீட்டைப் பார்த்துப் பயந்து மாட்டை விற்றதுண்டா?
- கடனில் வாங்கிய மாட்டை விற்குமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?

தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதற்கு முன், மருத்துவர் சொல்வதைக் காதில் வாங்குவோம்!